பதினான்காம் கீறல்

ஷாகாஸ்கிராலில், கரும்புக்கு நடுவே,
மாலை ஐந்தரைக்கு டர்பைனைக் கிளப்பினோம்.
நாடு அடுப்பைத் திருகும் நேரம்.
அறுநூற்றுப் பத்து டிகிரிக் காற்று வெளியேறும் தொண்டையில்
வட்டமாய் என் நீலக்கல் இழை.

நீலக்கல் என்றதும் ஸ்டோர்ஸ் பெருமாள் செட்டி
பெட்டியைத் தொடவில்லை.
சனியின் கல்லாம், எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாதாம்.
"இதில் நீலமே இல்லையே" என்றேன்.
"அது இன்னும் மோசம்" என்றார்.

இழைக்குள் லேசர் போட்ட இருபத்து நான்கு கீறல்கள்.
ஒவ்வொன்றும் வருகிற ஒளியில்
தன் ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும்.
சூடேறினால் அந்த நிறம் கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாயும்.
அவ்வளவுதான் அதன் பேச்சு.
நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள்.
இது நெருப்புக்குள் நின்றுகொண்டு
நெருப்பு நெருப்பு என்கிறது,
வாய் வேகாமல்.

ஆறு நாற்பதுக்குப் பதினான்காம் கீறல்
முப்பத்தெட்டு டிகிரி குளிர்ந்தது.
பழைய கம்பி உணரிகள் எட்டும்
எல்லாம் சரி என்றன.
எட்டும் தள்ளித் தள்ளி நிற்பவை.
நடுவில் நடப்பது அவற்றுக்குத் தெரியாது,
அல்லது
நடுவில் எதுவும் நடக்கவில்லை.

"புதுசுதான் பொய் சொல்லும்" என்றான் ஸ்பொனெலோ.
கண்ட்ரோலிலிருந்து போன்:
நீங்கள் நிறுத்தினால் ஐந்தாம் கட்டம் ஆறாகும், மேடம்.

எட்டுக்கு ஒன்று. அந்த ஒன்றும் நான் வைத்தது.
என் பிள்ளை திருடமாட்டான் என்று
எந்தத் தாய்தான் சொல்லவில்லை?

நிறுத்து என்றேன்.

பெரிய மூச்சு. பிறகு சின்னது.
பிறகு கரும்பில் காற்று.

வெருலத்திலிருந்து மகள்:
"அம்மா, கரண்ட் போச்சு. பாதித் தலைதான் காஞ்சிருக்கு."
"துண்டைக் கட்டிக்கோ."
வேறெதுவும் சொல்லவில்லை.

மறுநாள், உடம்பு ஆறியபின்,
குழல் கேமராவை உள்ளே விட்டோம்.
பதினான்குக்கு நேரே இருந்த எரிமுனை
கழுவி வைத்த கிண்ணம்போல் இருந்தது.
ஸ்பொனெலோ திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

காற்று நேராக வருவதில்லை, சுழன்று வருகிறது.
குளிர் ஓரிடத்தில் பிறந்து
வேறிடத்தில் வந்து சொல்லும்.
மூன்று முனை தள்ளிப் போ என்றேன்.
என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

மூன்றாவதில் கரி. வாயடைத்த முனை.
பக்கத்துத் தகட்டில் ஓர் அரிசி நீளம் வெடிப்பு.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
என் ஃபிளாஸ்கைத் திறந்து
மிச்சத் தேநீரை ஊற்றிக் குடித்தான்.
"ஆறிப்போச்சு" என்றான்.
எத்தனை டிகிரி என்று
நான் கேட்கவில்லை.