துண்டு இலக்கம் பத்தொன்பது

நாலாம் மாடி. கூட்ட அறையின் ஏசி
சொட்டுகிறது. கீழே யாரோ
வெற்று ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள்.
சதுப்பு நிலம் பற்றிப் பேச வந்தவர்கள்
அதில் கால் படாமல் சுற்றிப் போய் அமர்கிறார்கள்.

நான் மொழிபெயர்ப்பாளர்.
எனக்கென்று கருத்து இருக்கக் கூடாது.
மேசையில் பெயர்ப்பலகையும் இல்லை.

வரைபடத்தில் நாற்பத்திரண்டு துண்டுகள்,
ஒவ்வொன்றும் எட்டுப் பேர்ச்,
இருபதடிப் பாதை, பிள்ளைகளுக்கு ஒரு பூங்கா.
எல்லைக் கோட்டுக்கு அப்பால்
சின்னச் சின்னப் புல் அடையாளங்கள்,
நில அளவையாளர் பின்னேரத்துச் சலிப்பில் கீறியவை போல.

கம்பனிக்காகப் பேசும் நாணயக்காரவுக்கு நல்ல குரல்.
"கொட கரனவா" என்கிறார். ஐந்தரை அடிக்குக் கிரவல்.
நிரப்புவது என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.
நாக்கு, கரையேற்றுவது என்றது.

பிழையில்லை. கொட என்றால் மேடு, கரை.
ஆனால் தமிழில் கரையேற்றுவது
மூன்று குமர்களை,
கடனில் விழுந்த தம்பியை,
பதினெட்டு வருடமாக வெள்ளவத்தையில்
அனெக்ஸ் மாறி அனெக்ஸ் மாறி
ஒவ்வொன்றிலும் பால் காய்ச்சிய ஒரு குடும்பத்தை.

பின்வரிசையில் ரிஸ்மியா எழும்பினார்,
வாய்க்கால் ஓரம், இருபத்தாறாம் தோட்டம்.
"சேர், போன மழைக்கு எங்கட குசினிக்குள்ள
முழங்கால் மட்டும் தண்ணி.
கேஸ் சிலிண்டர் மிதந்து போய்க் கதவுல தட்டிச்சு,
ஆள் வந்த மாதிரி.
மிச்சத் தண்ணியக் குடிச்சது அந்தச் சேத்து நிலம்தான்.
அதக் கரையேத்தினா
தண்ணி யார்ட வீட்டுல ஏறும்?"

என் சொல்லைத்தான் எடுத்திருந்தார்.
கழுவித் துடைத்து என்னிடமே திருப்பித் தந்தார்.
நான் அதைச் சிங்களத்தில் வைத்தேன்.
மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது
வெறும் கிரவல்.

சுற்றாடல் உத்தியோகத்தர் மதுவந்தி ஒரு படம் உயர்த்தினார்.
இரவில் எடுத்தது. கொடுப்புலி ஒன்று,
வெளிச்சம் பட்ட கண்கள் இரண்டு தகரத் துண்டுகள்,
வாயில் இன்னும் துடிக்கிற மாதிரி ஒரு மீன்.
"அதுக்கும் ஒரு துண்டு குடுப்போமே" என்றார் ஒருவர்.
அதையும் மொழிபெயர்த்தேன்.
சிரிப்பை மட்டும் விட்டுவிட்டு.

என் கைப்பையில், உள் ஜிப்புக்குள்,
நான்காய் மடித்த ரசீது.
முற்பணம் ஐந்து இலட்சம்.
துண்டு இலக்கம் பத்தொன்பது.
என் கணவர் அதில் ஏற்கெனவே
ஒரு கறிவேப்பிலை நட்டுவிட்டார், வாயால்.
கிணறு வேண்டாம், பைப் போதும் என்றும் முடிவு.

வரைபடத்தில் அது மூலைத் துண்டு.
புல் அடையாளம் ஒன்று கோட்டைத் தாண்டி
அதற்குள் அரை மில்லிமீற்றர் சாய்ந்திருந்தது.
காலையிலிருந்து நான் அதைத்தான்
பார்க்காமல் இருந்தேன்.

தலைவர் பேனையை மூடினார்.
நீரோட்ட அறிக்கை வரும்வரை ஒத்திவைப்பு.
செவ்வாய்க்கிழமை இடப் பார்வை.
மொழிபெயர்ப்பாளரும் வர வேண்டும்.

எல்லோரும் எழும்பிய பிறகு பியோன் வந்து
ஐஸ்கிரீம் பெட்டியை எடுத்து
ஜன்னலால் ஊற்றினார்.
எங்கே விழுந்தது என்று எட்டிப் பார்க்கவில்லை.

படியில் ரிஸ்மியா என்னைப் பிடித்தார்.
"மிஸ், நான் சொன்னதச் சரியாச் சொன்னீங்களா?"

சொன்னேன் என்றேன்.

தலையாட்டினார். பிறகு குனிந்து
என் செருப்பைப் பார்த்தார்.
"செவ்வாய்க்கிழமை இதப் போட்டுட்டு வராதீங்க.
அங்க கால் வைக்க
நிலம் இல்ல."