கழித்தல் குறி

மணலி போகும் சாலையில்
கன்டெய்னர் லாரிகள் தலையும் வாலுமாய் நிற்கும் வரிசைக்குப் பக்கத்தில்
எங்கள் எடைமேடை.
ஆறடிக்கு எட்டடி அறை, ஒரு ஜன்னல்.
உள்ளே இரவு ஷிப்ட்டுக்கு நானும்
என்னைவிட ஒரு வயது மூத்த கம்ப்யூட்டரும்.

விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. முப்பத்திரண்டு எம்பி மெமரி.
எடை எழுதும் புரோகிராம் இதில் மட்டும்தான் ஓடும்.
புதுசில் போட்டுப் பார்த்தார்கள்,
பின்னால் சொருகும் ஒன்பது பல் கம்பியைப் பார்த்து
நீ யார் என்று கேட்டதாம்.

திரையின் கீழ்மூலையில்
தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கட்டம்.
யார் எழுதினார்களோ, எந்த ஃப்ளாப்பியில் வந்ததோ,
மொத்தமே நாற்பத்தொரு கேபி.
மேலே ஒரு கோடு, டிஸ்க்கில் மீதம்.
கீழே ஒரு கோடு, மெமரியில் மீதம்.
வேறு பேச்சு கிடையாது.

லாரி மேடை ஏறும்போது கீழ்க்கோடு உள்வாங்கும்,
பழைய சட்டைக்குப் பொத்தான் போடுகிறவன் வயிறு மாதிரி.
இறங்கியதும் விடும்.
முழுசாக விடாது.
ஒவ்வொரு லாரியும் ஒரு துளியை
உள்ளேயே மறந்துவிட்டுப் போகும்.
விடியற்காலை மூன்றுக்குள் நூற்றுப்பத்து லாரி.
அதற்குமேல் ஏற்றினால் திரை நீலமாகிவிடும்,
டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள்,
என் அம்மாவை விசாரிப்பார்கள்.
அதனால் கோடு நகக்கண் அளவு வந்ததும்
ஒரு டீ குடிச்சிட்டு வரேன் என்று சொல்லி
அணைத்து எழுப்புவேன்.
டீ எனக்கில்லை என்று யாருக்கும் தெரியாது.

மேடைக்கும் இதே வியாதி.
எண்ணூர்ச் சாம்பல் படிந்து படிந்து
யாரும் ஏறாதபோதே நாற்பது கிலோ காட்டும்.
அதற்காவது விளக்குமாறு உண்டு.

ஐப்பசி மழையில் டிஸ்க் கரகரத்தது.
மேல்கோடு சிவந்து நாலு எம்பி என்றது.
மண்ணடியிலிருந்து நூருல்லா வந்தான்.
"இந்த டிஸ்க்கெல்லாம் இப்ப எவன்க்கா செய்றான்"
என்று கேமராவில் போடும் கார்டு ஒன்றை
அடாப்டரில் சொருகி, மூடி, திருகினான்.
நாலு ஜிபி.
இந்தச் சாலையின் லாரியெல்லாம்
நூறு வருஷம் ஏறி இறங்கினாலும் நிரம்பாத இடம்.

எழுப்பினோம்.
மேலே கோட்டையே காணோம். எண் மட்டும்:
மைனஸ் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு.

ஓனர் தனகோட்டி ஓரடி பின்வாங்கினார்.
தண்டையார்ப்பேட்டையில் தினவட்டி கட்டி எழுந்தவர்,
கழித்தல் குறி கண்டால் அவருக்கு வியர்க்கும்.
"யார்கிட்டடா இடம் கடன் வாங்கின?"

நூருல்லாவுக்குச் சிரித்துப் புரையேறியது.
இதை எழுதியவன் காலத்தில்
ஒருத்தனிடம் இவ்வளவு இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.
இரண்டு ஜிபி வரைதான் இதற்கு எண்ண வரும்.
அதற்குமேல் கொடுத்தால்
முள் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்
இல்லாதவன் வரிசையில் நிற்கிறது.

"நெறைய இருந்தா இல்லைன்னு காட்டுமா?"
"ஆமாண்ணே."
"எங்க மச்சான் மாதிரி" என்றார்.

வேற ஒண்ணு போட்டுத் தரவா என்று கேட்டான் நூருல்லா.
வேண்டாம் என்றேன்.
கீழ்க்கோடு இன்னும் சரியாகத்தான் சொல்கிறது.
மேல் எண்ணும்கூட:
பத்தொன்பது நாள் கழித்துப் பார்த்தால்
தொண்ணூற்றாறு தொண்ணூற்றேழு ஆகியிருந்தது.
எடுத்தது ஒன்று, எழுதியது ஒன்று.
தவறெல்லாம் திசையில் மட்டும்.

நேற்று இரவு நெல்லூர் வண்டி.
சீட்டுக்குக் கை நீட்டிய பங்காரய்யா
ஜன்னலுக்குள் தலையை விட்டார்.
"அது என்னம்மா மூலையில, மைனஸ்?"
"நெறைய இருக்குன்னு அர்த்தம்."
வாயிலிருந்த பாக்கை ஒதுக்கிக்கொண்டு
கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
"என் பாஸ்புக்குக்கும் இதை மாட்டிவிடும்மா."

வண்டி இறங்கியது.
மேடை ஆடி நின்றது, நாற்பது கிலோவில்.
பின்னால் அடுத்தவன் ஹாரன்.
இரு வரேன், ஒரு டீ
என்று கத்திவிட்டு
விளக்குமாற்றைத் தேடினேன்.