பாதி மாத்திரை

பாசையூர்ப் பங்கு மண்டபத்தில்
தவக்கால வெள்ளி, மாலை ஐந்தரை.
'குணமாக்கும் கதைகள்: வைத்தியரின் பார்வையில்'
என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள்.
வைத்தியர் நான்.
திருநீற்று வீட்டில் பிறந்தவள், இப்போது அதுவும் பூசுவதில்லை.
பாதர் அமலநேசன் கேட்டபோது
மறுக்க ஒரு காரணம் அகப்படவில்லை.

மூன்று இரவு படித்தேன்,
வோட்டில் பழைய கோவைகளைப் புரட்டுவதுபோல.
தீயில் விழுந்த பையனுக்கு வலிப்பு.
பதினெட்டு வருடம் கூனிக் கிடந்தவளுக்கு முள்ளந்தண்டு.
தொழுநோய் என்றதெல்லாம் தொழுநோயல்ல,
படையும் சொறியும் வெண்தேமலும்
அதே பெயரில் ஊருக்கு வெளியே நின்றன.
குருடாயிருந்தவன் முதலில் கண்டது
நடந்து திரியும் மரங்களை.
கண் திறந்துவிட்டது, மூளை இன்னும் பழகவில்லை.
இரண்டாம் தரமும் தொடவேண்டி வந்ததை
ஒளிக்காமல் எழுதியவனை எனக்குப் பிடித்தது.

பிறகு அவள்,
பன்னிரண்டு வருடம் உதிரம் நில்லாதவள்.
கருப்பையில் கட்டியாக இருக்கலாம் என்றேன்.
ஹீமோகுளோபின் ஐந்துக்குக் கீழே.
நாலு படி ஏற மூச்சு வாங்கும்,
பச்சை அரிசி மெல்லச் சொல்லும்,
உள்ளங்கையில் ரேகைகூட வெளிறிவிடும்.
அந்த உடம்போடு சனத்தைப் பிளந்து அவள் வந்தாளே,
எனக்கு முதல் அற்புதம் அதுதான்.
ஒருவர் எழுதுகிறார்: வைத்தியரிடம் எல்லாம் தொலைத்தாள், நோய்தான் கூடிற்று.
இன்னொருவர், அவரே வைத்தியர் என்பார்கள்,
அந்த வரியை மெல்லக் குறுக்கிவிடுகிறார்.
"எங்கட சங்கம் அப்பவே இருந்திருக்கு" என்றேன்.
மண்டபம் சிரித்தது.

பின்வரிசையில் ஒரு கை.
நண்டுக் கொம்பனியிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும்,
விரல்நுனியெல்லாம் ஓடு கீறிய தழும்பு.
"டொக்டர், அந்தப் பன்ரண்டு வருசக் காசை
அவவுக்கு ஆர் திருப்பிக் குடுத்தது?"

பாதர் என்னைப் பார்த்தார்.
நான் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தேன்.
"அது எழுதேல்லை."

தேநீர் வேளையில் கிட்ட வந்தாள்.
"என்னைத் தெரியேல்லையோ? செவ்வாய்க் கிளினிக்,
போன கிழமை நூற்றிப் பதினொண்டு."
முகம் வரவில்லை, இலக்கம் வந்தது.
எமரென்சியா. ஏழு மாதமாய் இரும்புச்சத்து மாத்திரை,
இரத்தம் ஏறவே இல்லை.
'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை' என்றெழுதி
இரண்டு கோடு கீறியிருந்தேன்.
நெரிசலில் தன்னைத் தொட்டது ஆரென்று
அவர் நின்று கேட்டார்.
செவ்வாய்க்கிழமைகளில் நான் நிற்பதில்லை.

"ஒழுங்காத்தான் எடுக்கிறன். பாதி.
மற்றப் பாதி பிள்ளைக்கு.
காலமைப் பிரார்த்தனையில நிண்டு நிண்டு விழுறாள்."
வயதைக் கேட்டேன்.
"வாற ஆனியில பன்ரண்டு முடியுது."

நான் பேசாமல் விட்ட ஒரு பிள்ளை இருக்கிறாள்.
அவர் போய்க்கொண்டிருந்ததே அவளிடம்தான்,
உதிரக்காரி வழியில் தொட்டவள்.
அந்தச் சிறுமிக்கும் வயது பன்னிரண்டு.
செத்தவள் எழுந்ததற்கு
என்னிடம் கலைச்சொல் இல்லை, தாண்டிப் போனேன்.
ஆனால் வீடே வாய்பிளந்து நிற்கையில்
பிள்ளைக்குப் பசிக்குமே என்று
ஒருவருக்குத்தான் தோன்றியிருக்கிறது.
துண்டில் அதை மட்டும் எழுதித் தந்தால்
கேள்வி கேளாமல் கையெழுத்து வைப்பேன்.

"நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நம்பர் எடுக்க வேண்டாம்."
"நாளைக்கு வேலை டொக்டர்."

தட்டில் மீன் றோல்ஸ் இரண்டு மிஞ்சியிருந்தன.
"எடுக்கலாமோ?" என்றாள்,
நான் தலையாட்டுமுன் எடுத்துவிட்டாள்.
சுற்றிய கடதாசி இன்றைய நிகழ்ச்சி நிரல்.
கடற்கரை வீதியில் அவள் திரும்பும்வரை பார்த்தேன்,
கைக்குள் என் பெயரும் பட்டமும்
எண்ணெய் ஊறி
கண்ணாடிபோல் தெளிந்துகொண்டு போயின.