தேவையற்ற நிறுத்தம்

சஸ்கட்டூன். இரவு மூன்று மணி பதினாறு நிமிடம்.
மைனஸ் முப்பத்தொன்று.
பனி அள்ளும் வண்டியின் நெற்றியிலிருந்த கேமரா
சாலையோரக் கருப்பைப் பார்த்துச் சொன்னது:
குப்பைப் பை, தொண்ணூற்று நான்கு சதவீதம்.

ஓட்டுநர் வாசில் அதற்குள் பிரேக்கை மிதித்திருந்தார்.

காலையில் என் மேசைக்கு வந்தது காட்சி.
ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துகிறேன்.
வலை முதலில் விளிம்புகளைப் பொறுக்குகிறது,
பிறகு வளைவு, பளபளப்பு, முடிச்சு.
லட்சம் பைகளைத் தின்று வளர்ந்த கணக்கு,
தயங்கவில்லை.

வாசிலின் கண்ணுக்கு விளிம்பு கிடைக்கவில்லை.
கிடைத்ததெல்லாம்
பஸ் நிற்குமிடம், மூடிய மதுக்கடை, இந்தக் குளிர்,
நடுவே தோள்போல் ஒரு சரிவு.
மீதியை அவரே போட்டுக்கொண்டார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்போம்.
இவருக்கு இருண்டது ஆள்.

இறங்கி, நடந்து, கையுறையைக் கழற்றித்
தொட்டுப் பார்க்கிறார்.
பைதான்.
மூலையில் கிழிசல், உள்ளே பழைய திரைச்சீலை.
நாற்பது வினாடி அங்கேயே நிற்கிறார்.

படிவத்தில் எனக்கென்று ஒரு கட்டம்:
'தேவையற்ற நிறுத்தம்.'
டிக் போடாமல் டீ எடுக்கப் போனேன்.
திரும்பி வந்து போட்டேன்.
குறிப்பு என்ற இடத்தில் மட்டும் எழுதினேன்:
கையுறையைக் கழற்றினார்.
குறிப்புகளை யாரும் வலைக்கு ஊட்டுவதில்லை.

மாலை, அலுவலகத்துக்குப் பின்புறம்
பதினொரு வெள்ளை மேடுகள்.
ஒன்பது வருடம் ஓட்டிய கார் எது என்று
எனக்குத் தெரியவில்லை.
மேட்டுக்கு மேடு பார்த்துக்கொண்டே போய்
கடைசியில் சாவியை அழுத்தினேன்.
பனிக்கடியில் எங்கோ
கொஞ்சம் ஆரஞ்சு.