ஆறு பாகை

திசையன்விளையில் வாடகை அறை.
கரண்ட் போன நேரம் பார்த்து
இரண்டு டார்ச்சையும்
குளியலறை டிரம்முக்குள் இறக்கினோம்.
தூத்துக்குடிக் கடைக்காரர் நம்பிக் கொடுத்தவை.
திங்கட்கிழமைக்குள் ஒன்று திரும்பிப் போக வேண்டும்.

முதலாவது விரிந்தது.
ஐயாயிரம் லூமன், நூற்றிருபது பாகை.
டிரம்மின் நீல வயிறு முழுக்கப் பட்டப்பகல்.
அடியில் படிந்த உப்புக்கறை,
முந்தி இருந்தவர்கள் தவறவிட்ட சோப்புத் துண்டு,
என் புறங்கை நரம்பு,
எல்லாம் கல்யாண ஆல்பம்போல் தெரிந்தன.
முழுதாக எரித்தால் ஐம்பது நிமிடம்.

இரண்டாவது கஞ்சன்.
ஆயிரத்து இருநூறு லூமன், ஆறு பாகை.
பனை ஈர்க்குபோல் ஒரே கோடு.
அடியில் ஒரு ரூபாய் நாணயமளவு வட்டம்,
மிச்சமெல்லாம் பழைய இருட்டு.
ஆனால் நாலு மணி நேரம் எரியும்.

விலை ஏறக்குறைய ஒன்றுதான்.
அண்ணன் வள்ளத்தின் பழைய எஞ்சினை விற்ற காசு
சரியாக ஒன்றுக்குக் காணும்.

நான் முதலாவதன் கட்சி.
உவரியில் ராத்திரி முங்கும்போது
பாறையிடுக்கில் சிங்கி இறால்
கண் சிவந்து நிற்குமே,
அதற்கும் ஆகும், கிணற்றுக்கும் ஆகும் என்றேன்.

ரெக்ஸலின் பதில் சொல்லவில்லை.
அடுக்களைக்குப் போய்
மைதா ஒரு பிடி அள்ளி வந்து
டிரம்மில் போட்டுக் கலக்கினாள்.
"இப்ப அடி, ஏட்டி."

அடித்தேன்.
ஐயாயிரமும் திரும்பி வந்து
என் முகத்தில் அறைந்தது.
டிரம் இல்லை, கை இல்லை.
நாங்குநேரி தாண்டி, மார்கழி மூடுபனியில்,
எதிர் லாரி ஹைபீம் போட்டாற்போல
வெள்ளைச் சுவர்.

ஈர்க்கு மட்டும்
மாவுக்குள் கொஞ்சம் தேய்ந்து, கொஞ்சம் நடுங்கி
அடியைத் தொட்டது.

"அந்தக் கெணறு எதுல வெட்டுனது?"
சுண்ணாம்புப் பாறையில்.
"துடுப்பு ஒரு தட்டு தட்டுனா என்ன வரும்?"
நான் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் கிணறு அது.
ஐப்பசியில் ஓடை முழுவதையும் குடித்துவிட்டு
ஒரு முழம்கூட உயராது.
தண்ணீர் எங்கே போகிறதென்று
வந்தவர்கள் எல்லாம் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.
உள்ளே போய்ப் பார்க்கிறோம் என்றோம்.
"ஏறி வந்துருவியளா?"
வேறொன்றும் கேட்கவில்லை அவர்.

இரவெல்லாம் சுவரில் பேச்சுப் பழகினோம்.
நீருக்குள் நாக்குக்கு வேலையில்லை,
வெளிச்சம்தான் வாய்.
மெதுவாக ஒரு வட்டம்: நல்லா இருக்கேன்.
குறுக்கே படபடவென்று: ஆபத்து, திரும்பு.
விரிந்த விளக்கை எப்படிச் சுழற்றினாலும்
அறை முழுக்க ஆடியது,
ஒரு சொல்லும் பிறக்கவில்லை.

சனிக்கிழமை இறங்கினோம்.
இடுப்பில் ஈர்க்கு,
தலைக்கவசத்தில் உதவிக்கு இரண்டு சிறுசு,
விரலுக்குள் வழிகாட்டிக் கயிறு.
பதினோராவது மீட்டரில் பாறை வாய் திறந்திருந்தது.
உள்ளே இருபது கை தூரம்தான்,
என் துடுப்பு தரையைத் தட்டிவிட்டது.

மைதா.

ரெக்ஸலின் மறைந்தாள்.
கயிற்றை மட்டும் விடவில்லை நான்.
என் மூச்சே
யாரோ பக்கத்தில் இருப்பதுபோல் கேட்டது.
விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
கலங்கலுக்கு அப்பால், மங்கலாக,
ஒரு ரூபாய்.

எண்ணினேன். பதினேழு வரை எண்ணியிருப்பேன்.
என் ரூபாய்க்குப் பக்கத்தில்
இன்னொரு ரூபாய் வந்து நின்றது.
அவசரப்படாமல்
என்னுடையதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.

நானும் போட்டேன். கை நடுங்கியதால்
அது முட்டையாக வந்தது.

மேலே அண்ணாச்சி
தலைகளை இரண்டு தடவை எண்ணினார்.
"தண்ணி எங்க போவுது?"
தெரியவில்லை, உள்ளே வழி இரண்டாகப் பிரிகிறது என்றோம்.

என் இடுப்பில் தொங்கியதைப் பார்த்தார்.
"இத்தினிக்காணு லைட்ட வச்சுக்கிட்டு எப்படித் தெரியும்?
அடுத்த மட்டம்
பெருசா ஒண்ணு வாங்கிட்டு வாங்க."