பூட்டு இரண்டு, சாவி நான்கு

லைப்சிக்கிலிருந்து தம்பி கேட்கிறான்:
அக்கா, ஒரு திண்டுக்கல் பூட்டு அனுப்பேன்.
அங்கே ஆளுக்கு மூன்று செடி வளர்க்கலாமாம்.
குழந்தை கைக்கு எட்டக் கூடாது,
வேறெவரும் எடுத்துவிடக் கூடாது,
பூட்டிய அறை, இல்லையென்றால் பூட்டிய அலமாரி.
இந்த ஊர்ப் பூட்டெல்லாம் பொம்மைக்கா, என்கிறான்.

நான் வேலூரில் ஸ்டேஷன் ரைட்டர்.
போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
அவசரமாக அணைத்தேன்.

மேசைக்கு எதிரே பெயின்ட் வாளியில்
நின்றுகொண்டிருந்தது
குற்ற எண் கிடைத்த செடி.
உயரம் மூன்றே கால் அடி. வேரோடு, மண்ணோடு.
சலவன்பேட்டை மாடியில்
தையல்காரர் வரதப்பன்
தக்காளித் தொட்டிகளுக்கு நடுவே வளர்த்தது.
மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது.
மூன்று வீட்டுத் துணியும் அங்கேதான் காயும்.

காட்டிக்கொடுத்தது மனிதரில்லை.
கீழ்வீட்டு ஷாகிரா பீவியின் வெள்ளாடு
படியேறிப் போய்ப் பாதியைத் தின்றுவிட்டு
இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.
கால்நடை டாக்டர் அதன் வாயை முகர்ந்தார்,
எங்களுக்குப் போன் செய்தார்.
மகஜரில் ஆட்டை எந்த இடத்தில் எழுதுவது?
சாட்சியா, பாதிக்கப்பட்டதா,
சொத்தை அழித்ததா?
இன்ஸ்பெக்டருக்கும் தெரியவில்லை.

கையெழுத்துப் போடும்போது வரதப்பன் கேட்டார்:
"பூட்டி வெச்சிருந்தா விட்டிருப்பீங்களாம்மா?"
மாட்டோம் என்றேன்.
அப்படியொரு பிரிவு இங்கே இல்லை.
அன்று மாலை தொரப்பாடியில்
அவருக்குத்தான் பூட்டு.

செடிக்கு இன்னும் இல்லை.
சொத்து அறைச் சாவி
பழைய எஸ்.ஐ.யோடு ஆரணிக்கு மாறுதலாகிப் போய்விட்டது.
கதவைத் தாம்புக்கயிற்றால் கட்டியிருக்கிறோம்.
எலி போகும், வரும்.
எடை குறைந்தால் கோர்ட்டில் என்னைத்தான் கேட்பார்கள்.

அக்கினி நட்சத்திரம். இலை துவண்டது.
தண்ணீர் ஊற்றினால் வளர்த்ததாகிவிடும்.
ஊற்றாவிட்டால் ஆதாரத்தை அழித்ததாகிவிடும்.
டீ டம்ளர் கழுவிய தண்ணீர்
எப்படியோ அந்தப் பக்கம் போயிற்று.

சனிக்கிழமை லாங் பஜாரில்
ஏழு லீவர் பூட்டு இரண்டு வாங்கினேன்.
ஒன்று ஸ்டேஷனுக்கு, என் காசில்.
மற்றதைப் பழைய காக்கித் துணியில் சுற்றித்
தலைமைத் தபால் நிலையத்தில் நீட்டினேன்.

பாரத்தில் ஒரு கட்டம்:
என்ன உபயோகத்துக்கு?

பத்தொன்பது வருஷமாய்
ஓர் எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல்
நடந்ததை நடந்தபடி எழுதிய கை
கொஞ்ச நேரம் நின்றது.

ஆடு வராமலிருக்க,
என்று எழுதினேன்.