இடது பக்கம்

எஸ்பியர்க் துறைமுகத்துக்குப் பின்தெருவில்
பகலெல்லாம் பல் செய்கிறேன்.
பீங்கான், பாலம், கேட்பவருக்குத் தங்கம்.
ஆறு மணிக்கு மேல் அதே விளக்கின் கீழ்,
அதே துரப்பணத்தால்,
ஒரு கப்பல்.

எங்கும் போகாத கப்பல்.
மணல்திட்டின் மேல் நங்கூரமிட்டு
போகிறவர்களுக்கு விளக்குக் காட்டி நின்றது, சிவப்பாக.
ஐம்பதில் ஒரு பங்கு:
என் மேசையில் எழுபது சென்டிமீட்டர்.

பெட்டியில் வாங்கி ஒட்டுவதல்ல.
வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு, அரை மில்லி கனம்.
அதை அறுக்கக் கூடாது.
இரண்டு முறை கீறி, மடக்கினால்
'டக்'கென்று கோட்டிலேயே முறியும்.
பசையும் பூசுவதல்ல;
தூரிகை நுனி இடுக்கைத் தொட்டதும்
தானே உள்ளே ஓடிவிடும், வதந்தி மாதிரி.

ஆணித்தலைகள் இரண்டாயிரத்துச் சொச்சம்.
பின்பக்கம் ஊசியால் ஒரு குத்து,
முன்பக்கம் ஒரு பரு.
கொஞ்சம் அழுத்தினால் ஓட்டை, வரிசையே குப்பை.
நூற்று நாற்பதாவதில் தும்மியிருக்கிறேன்.

கம்பிவடத்துக்கு மெழுகுவத்தி.
பிளாஸ்டிக் குச்சி தொய்யத் தொடங்கும் நொடியில்
இழுக்க வேண்டும்.
வேகம் கூடக்கூட இழை மெலியும்.
எவ்வளவு வேகம் என்று எந்த அளவுகோலிலும் இல்லை.

கைப்பிடிச் சக்கரமொன்று தரைவிரிப்பில் தொலைந்தது.
தூசி உறிஞ்சியின் வாயில் காலுறையைக் கட்டித் தேடினேன்.
கிடைத்தது. கூடவே
பிப்ரவரியில் காணாமல்போன கீல்,
யாருடையதோ ஒரு கடைவாய்ப்பல் முனை.

அரை மில்லி பிசகினால்
அங்கே இரண்டரை சென்டிமீட்டர்;
உயரமான சமையல்காரன் நிலையில் இடித்துக்கொள்வான்.
எல்லாவற்றையும் சுருக்கலாம், தூசியை முடியாது.
என் தலைமயிர் ஒன்று தளத்தில் விழுந்தால்
அங்கே அது கட்டுக்கயிறு.

படங்கள் பதினொன்று கிடைத்தன.
பதினொன்றும் வலது பக்கம்.
எடுத்தவர்கள் எல்லோரும் சரக்குப் படகில் வந்தவர்கள்,
சரக்குப் படகு எப்போதும் வலப்புறம்தான் அணைந்தது.
அருங்காட்சியகத்தில் யூட்டேக்கு எழுதினேன்.
'எங்களிடமும் அந்தப் பக்கம்தான்.'
சரி என்று
வலதைத் திருப்பி இடதாக்கினேன். நான்கு மாதம்.
ஒரு தகடுகூட நெளியாத இடது.

வியாழக்கிழமை பிரெபென் லௌகெஸென் வந்தார்,
முன்பல்லுக்கு நிறம் பார்க்க.
நிறச்சீப்பை உதட்டருகே பிடித்திருந்தேன்.
அவர் கண் என் காதைத் தாண்டிப் போனது.

'அந்தப் பக்கம் அப்படி இருக்காது.'
எப்படித் தெரியும்?
'இடித்தது நான்.'

மூடுபனி. இருபத்தொரு வயது. சொந்தப் படகு, மூன்றாவது வாரம்.
'கொம்பு ஊதிக்கொண்டுதான் இருந்தது.
நான் கீழே சர்க்கரை தேடிக்கொண்டிருந்தேன்.'
இரண்டு கப்பலும் நாட்குறிப்பில் எழுதவில்லை.
அபராதம்?
'ஒரு பெட்டி மீன்.'

எவ்வளவு பெரியது என்றேன்.
நாற்காலியில் சாய்ந்தபடியே கைகளை விரித்தார்.
நாடாவை எடுத்து அளந்தேன்: நூற்று முப்பத்துநான்கு.
ஐம்பதால் வகுத்தால்
இருபத்தேழு மில்லிக்குக் கொஞ்சம் குறைவு.
மீனவர் கை விரித்தால் கூட்டித்தான் விரிப்பார் என்பார்கள்.
இந்த ஒன்றைக் குறைத்திருப்பார் என்று பட்டது.
முப்பது வைத்தேன்.

அன்றிரவு மெழுகு செதுக்கும் கரண்டியை
ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன்.
நான்கு மாதத்தை ஒருமுறை பார்த்தேன்.
மூன்று எண்ணி, மூன்றாம் தகட்டில் அழுத்தினேன்.
ஆறு ஆணிகள் படுத்தன.
சிவப்பு விரிந்து, கீழே பழைய வெள்ளை தெரிந்தது.
தெரியட்டும் என்று விட்டேன்.

யூட்டே மறு அஞ்சலில் கேட்டாள்:
'இந்தக் குழிவுக்கு ஆதாரம்?'
பெயரைச் சொல்ல முடியாது, நோயாளி ரகசியம்.
வெகுநேரம் யோசித்து அட்டையில் எழுதினேன்:

இடது பக்கம், மூன்றாம் தகடு.
ஆதாரம்: மேல் வரிசை முன்பல்.